மீசைக்கார ஜில்லெட்

1896 செப்டம்பர் 1. மதுரையில் வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பிய 16 வயதுப் பையன் ஒருவன் திருவண்ணாமலை வந்து சேர்கிறான். அண்ணனின் காலேஜ் ஃபீஸ் கட்ட எடுத்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பழைய அட்லஸைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் விட்டுவிட்ட விஷயம் அந்த அட்லஸுக்குத் தெரியாது. மேப் அப்டேட் ஆகாததால் ஞானிகளும் நடந்திருக்கிறார்கள் என்பது நமக்கெல்லாம் ஓர் ஆறுதல்.

நடந்து, பசித்து, கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, ஒரு வழியாக வந்தாயிற்று. நேரே கோயிலுக்குப் போய் அருணாசலேஸ்வரரிடம் 'வந்துவிட்டேன்' என்று ரிப்போர்ட் பண்ணியாயிற்று. வெளியே வந்தால், குடுமியை எடுக்க வேண்டுமா என்று யாரோ கேட்கிறார். நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருப்போம். பையன் அதை ஆண்டவன் உத்தரவாகவே எடுத்துக்கொண்டு அய்யங்குளக்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டான்.

அங்கே சவரக் கத்தியோடு நாவிதர்கள் வரிசையாக இருப்பார்கள். ஒருவர் தலையை நனைத்தார், கத்தியை வாரில் இரண்டு இழுப்பு இழுத்தார், வழித்தார். முடிந்ததும் பையன் மிச்சக் காசைக் குளத்தில் போட்டான், கீழூரில் அடகு பிடித்தவர் வீட்டில் கட்டிக்கொடுத்த பலகாரப் பொட்டலத்தையும் போட்டான், வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டிக்கொண்டான், பூணூலைக் கழற்றினான். மழித்த பிறகு குளிக்க வேண்டுமே? இந்த உடம்புக்கு அந்தச் சொகுசு எதற்கு என்று குளிக்காமலே கோயிலுக்கு நடந்தான். வாசலுக்கு வந்தபோது பிடித்துக்கொண்டது மழை. ஆஃப்டர்-ஷேவ் வானத்திலிருந்தே வந்திறங்கிய ஒரே கஸ்டமர் அவராகத்தான் இருக்க முடியும்.

கடுக்கனை அடகு பிடித்தவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது: முத்துகிருஷ்ண பாகவதர். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகமே கும்பிட்ட தலையை அன்று மழித்தவர் மட்டும் வெறும் 'ஒரு நாவிதர்'. கடன் கொடுத்தவருக்கு உள்ள மரியாதை வேலைக்காரருக்குக் கிடையாது என்பதில் சரித்திரம் ரொம்பக் கறார்.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1895இல், பூமியின் மறுபக்கத்தில் இன்னொரு மனிதருக்கும் சவரத்தின் நடுவே ஞானம் பிறந்தது. இடம், அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ப்ரூக்லைன். ஆள், கிங் கேம்ப் ஜில்லெட். 'கிங்' பட்டமல்ல, அப்பா அம்மா வைத்த பெயரே அதுதான். தொழில், ஊர் ஊராகப் போய் சோடா பாட்டில் மூடி விற்பது.

இந்த மூடிக் கம்பெனியில்தான் அவருக்கு குரு உபதேசம் கிடைத்தது. பாட்டில் மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர் அவரைக் கூப்பிட்டு, ஜனங்கள் ஒரு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கி எறிகிற மாதிரி எதையாவது கண்டுபிடி, மறுபடியும் உன்னிடமே வருவார்கள் என்றார். நம் மனிதர் அகராதி வரிசையில், ஏ-யிலிருந்து இசட் வரை, உலகத்தில் உள்ள பொருளையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு எதைத் தூக்கி எறியலாம் என்று யோசித்தார். நம் ஊர்ப் பையன் தூக்கி எறிவதை லிஸ்ட் போடாமலே செய்தான்.

ஒரு நாள் காலை கண்ணாடி முன் நின்றார் ஜில்லெட். கத்தி மொட்டை. வாரில் இழுத்தாலும் தேறாது, சாணைக்காரரிடம்தான் போக வேண்டும். அப்போது மின்னியது: மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் கூர், நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு பிடி, மழுங்கினால் எறிந்துவிடு! உடனே ஊருக்குப் போயிருந்த மனைவிக்கு, நமக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று கடிதம் போட்டார். அந்த அதிர்ஷ்டம் வீடு வந்து சேர எட்டு வருஷம் ஆயிற்று. அந்த அம்மாள் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டியிருப்பார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

காரணம், காகிதம் போன்ற எஃகுத் தகட்டில் கூர் ஏற்ற முடியாது என்று உலோக நிபுணர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யின் மேதைகளும் அதையே சொன்னார்கள். தான் ஒழுங்காகப் படித்த எஞ்சினியராக இருந்திருந்தால் அன்றே விட்டிருப்பேன் என்ற தொனியில் ஜில்லெட் பிற்பாடு பெருமை பேசினார். கடைசியில் அதைச் செய்து காட்டியவர் வில்லியம் நிக்கர்சன், ஒழுங்காகப் படித்த எஞ்சினியர். படித்த இடம் எம்.ஐ.டி.

1901இல் கம்பெனி. 1903இல் விற்பனை. உலகத்தைப் புரட்டிப் போட்ட அந்த ரேசர் முதல் வருஷம் எத்தனை விற்றது தெரியுமா? 51. பிளேடு 168. தெருமுனை பெட்டிக்கடைக்காரர் இதைவிட அதிகமாக விற்பார்.

இதில் நான் ரசிக்கிற சமாச்சாரம் வேறு. ஜில்லெட் உள்ளுக்குள் ஒரு தீவிர லட்சியவாதி. 1894இலேயே 'தி ஹ்யூமன் டிரிஃப்ட்' என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். உலகத் துன்பத்துக்கெல்லாம் காரணம் வியாபாரப் போட்டி; போட்டியை ஒழித்து, ஒரே ஒரு கம்பெனி எல்லாவற்றையும் தயாரிக்க வேண்டும்; நயாகரா அருவிப் பக்கம் 'மெட்ரோபோலிஸ்' என்று ஒரே ஒரு நகரம் கட்டி, அருவி மின்சாரத்தில் கோடிக்கணக்கானவர்களைக் குடிவைக்க வேண்டும். படித்தவர்கள் சிரித்தார்கள். போட்டியே கூடாது என்ற தத்துவத்தை அவர் பத்து வருஷம் கழித்து வேறு வழியில் அமல்படுத்தினார். 1904 நவம்பரில் பேட்டன்ட் வாங்கி, 17 வருஷம் வேறு யாரையும் கிட்டே அண்டவிடவில்லை.

லட்சியம் அத்தோடு அடங்கவுமில்லை. 1910இல் 'உலகக் கார்ப்பரேஷன்' ஒன்று தொடங்கி, அதற்குத் தலைவராக இருக்க ஓய்வுபெற்ற அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பத்து லட்சம் டாலர் சம்பளம் தருகிறேன் என்றார். ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். அவருக்கும் பெரிய மீசை.

'அவருக்கும்' என்றேனா? ஆமாம். ஒவ்வொரு பிளேடு உறையிலும் ஜில்லெட் தன் கையெழுத்தையும் போட்டோவையும் அச்சடித்தார். கோடிக்கணக்கில் அச்சான முகம். உலகத்தின் தாடி மீசையை ஒழிக்கப் புறப்பட்ட அந்த மகானின் மேலுதட்டில், நன்றாகச் சீவி விடப்பட்ட, தடித்த மீசை. சொந்தச் சரக்கின் மேல் ஓனருக்கே அவ்வளவு நம்பிக்கை!

எம்.பி.ஏ. வகுப்புகளில் ஒரு புராணம் சொல்வார்கள், நீங்களும் கேட்டிருக்கலாம்: ஜில்லெட் ரேசரைச் சும்மா கொடுத்துவிட்டு பிளேடில் சம்பாதித்தார், என்ன ஒரு ஸ்ட்ராடஜி! பிரிண்டரும் இங்க்கும், காபி மெஷினும் பொடியும் என்று இதை வைத்தே ஸ்லைடு போடுவார்கள். சும்மாவும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஆரம்பத்தில் ரேசரின் விலை ஐந்து டாலர், ஒரு தொழிலாளியின் பாதி வாரக் கூலி. பேட்டன்ட் 1921இல் காலாவதியாகி ஆளாளுக்கு ரேசர் செய்யலாம் என்ற நிலை வந்தபோதுதான் விலை இறங்கியது. போட்டி தலைக்கு மேல் வந்த பிறகு செய்ததை முன்னாலேயே யோசித்துச் செய்ததாகச் சொல்லிக்கொள்வது பெரிய மனிதர்களின் வழக்கம்தானே.

விற்பனையைத் தூக்கி நிறுத்தியது ஸ்ட்ராடஜி அல்ல, சண்டை. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் 35 லட்சம் ரேசரும் மூன்று கோடிக்கு மேல் பிளேடும் வாங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. பதுங்குகுழியில் சலூன் கிடையாது. திரும்பி வந்தவர்கள் வீட்டிலும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தார்கள். ஒரு முழுத் தலைமுறைக்கு ஃப்ரீ சாம்பிள் கொடுத்த செலவு கவர்ன்மென்ட் கணக்கு.

சண்டைக்கும் சவரத்துக்கும் உள்ள உறவு பழையது. அலெக்சாண்டர் தன் சிப்பாய்களின் தாடியை மழிக்கச் சொன்னாராம். எதிரி பிடித்து இழுக்க வசதியாகத் தாடி இருக்கிறதே என்ற கவலை. புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். ரஷ்யாவின் மகா பீட்டர் இன்னும் ஒரு படி மேலே. 1698இல் ஐரோப்பா டூர் முடித்து வந்ததும் பிரபுக்களின் தாடியைத் தன் கையாலேயே கத்தரித்தார். பிறகு தாடிக்கு வரி போட்டார். வரி கட்டியவருக்கு ஒரு உலோக வில்லை கொடுப்பார்கள், தாடிக்கு டோல்கேட் ரசீது. ஃபாஸ்டேக் மட்டும்தான் பாக்கி.

நம் பக்கம் என்ன நிலவரம்? வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் 15 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி இருந்தது. கல்வெட்டில் ஸ்டாஃப் லிஸ்ட்டே இருக்கிறது: வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், கூடவே ஒரு நாவிதர். அவருக்கும் கோயில் கணக்கில் நெல் அளந்தார்கள். சோழர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃபாக இருந்தவரைப் பின்னால் வந்தவர்கள் கொல்லைப்புற வழியாக வரச் சொன்னார்கள். யார் நாகரிகமாக வளர்ந்தார்கள் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் இன்னொரு பெரிய மனிதரை இழுக்காமல் இருக்க முடியவில்லை. 1890களேதான், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. பாரிஸ்டர் காந்தி ஒரு இங்கிலீஷ்காரர் சலூனுக்குப் போகிறார். கறுப்பனுக்கு வெட்டமாட்டேன் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காந்திக்கு ரோஷம். ஒரு கிளிப்பர் வாங்கி, கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே கிராப் வெட்டிக்கொள்கிறார். முன்பக்கம் சுமார். பின்பக்கம்? கோர்ட்டில் வக்கீல் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், தலையை எலி கடித்துவிட்டதா என்று. சுயராஜ்யத்தின் முதல் ஹேர்கட் அது, பின்பக்கம் கொஞ்சம் சரியில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அதே கதையின் கடைசியில் காந்தி எழுதியிருப்பதை ஊர்ப்பெரியவர்கள் அவ்வளவாக மேடையில் சொல்வதில்லை. அந்த சலூன்காரர் மேல் தப்பில்லை என்கிறார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கியவர்களுக்கு நம் நாவிதர்கள் வெட்ட நாமே விடுவதில்லையே, அந்தப் பாவத்துக்குக் கூலி இது என்கிறார். இன்றும் சில கிராமங்களில் யாருக்கு நாற்காலி, யாருக்கு இல்லை என்பதற்குப் பஞ்சாயத்து நடக்கிறது. அந்த வகையில் பெட்டிக்கடையில் தொங்கிய பிளேடு பாக்கெட் யோக்கியமான சாமான். யார் காசு கொடுத்தாலும் வெட்டியது. சில சமயம் கன்னத்தையும் சேர்த்து.

அதுவும் சும்மா சொல்லவில்லை. 'சேஃப்டி ரேசர்' என்று பெயர் வைத்ததே ஒரு குறும்பு. பாரிஸ் கத்திக் கொல்லர் ழான்-ழாக் பெரே 1769இல், தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளும் கலை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். தச்சர் இழைப்புளியைப் பார்த்து, கத்திக்கு மரக் காப்பு போட்டு, கூர்முனை கொஞ்சமாக மட்டும் வெளியே தெரியும்படி வைத்தார். நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் 1880இல் கத்தியைக் குட்டையாக்கிப் பிடியில் குறுக்காக மாட்டினார்கள். ஜில்லெட் செய்தது பிளேடைத் தூக்கி எறிய வைத்தது. ஆக, சேஃப்டி ரேசரைக் கண்டுபிடித்தவர் என்று நாம் கும்பிடுகிறவர் அதை மட்டும்தான் கண்டுபிடிக்கவில்லை.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வா, எந்த ரேசரில் எரிச்சல் இல்லாமல் வழுவழுவென்று வரும் என்கிறீர்களா? அப்பா காலத்து அந்தப் பித்தளை செட்டைக் கையில் எடுங்கள். பிடியைத் திருகினால் மூன்று துண்டாகக் கழலும்: தொப்பி, தட்டு, பிடி. பிளேடின் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து, கூரில் விரல் படாமல் இரண்டு ஓரத்தையும் பிடித்து, தொப்பியின் குமிழில் மாட்டி, தட்டைக் கவிழ்த்துத் திருகுங்கள். பிளேடு லேசாக வில் மாதிரி வளைகிறதா? அங்கேதான் சூட்சுமம். 0.1 மில்லிமீட்டர் தகடு நேராக இருந்தால் துவளும், முடியில் பட்டதும் அதிரும், தோலைப் பிராண்டும். வளைத்துக் கவ்விப் பிடித்தால் விறைத்துக்கொள்ளும். நயாகரா நகரம் கட்டுகிறேன் என்றவரின் உண்மையான மூளை இந்த ஒரு வளைவில் இருக்கிறது.

பிளேடு எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பதுதான் ரேசருக்கு ரேசர் உள்ள வித்தியாசம். ஜெர்மன் மெர்க்கூர் 34சி சாதுவான பிராணி, கனமான பிடி, கையை அழுத்தாமல் அதன் எடைக்கே விட்டுவிட்டால் போதும். அதே ஜெர்மனியின் ம்யூலே ஆர்41 சீப்புப் பல் மாதிரி அடித்தட்டு வைத்தது, நாலு நாள் தாடியையும் ஒரே இழுப்பில் எடுக்கும்; அரைத் தூக்கத்தில் எடுத்தால் கூடவே வேறு எதையாவதும் எடுக்கும். ஜப்பான் ஃபெதர் பிளேடின் கூர் உலகப் பிரசித்தம், முதல் தடவை போடுகிறவர் பக்கத்தில் படிகாரம் வைத்துக்கொள்வது நல்லது. நம் டோபாஸும் செவன் ஓ கிளாக்கும் இவற்றின் விலையில் ஒரு துளிதான், ஆனாலும் பாதிப் பேர் தாடைக்கு அவையே போதும். என் கட்சி சாது ரேசர், புது பிளேடு. ஆண்மையை நிரூபிக்க வேறு எத்தனையோ இடம் இருக்கிறது, தாடை எலும்பில் வேண்டாம்.

பெரும்பாலும் தப்பு ரேசரில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. காய்ந்த முடி கம்பி. இரண்டு மூன்று நிமிஷம் வெந்நீரில் ஊறினால் தண்ணீர் குடித்து இளகிவிடும், பாதி பலத்தில் அறுபடும். பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். முதல் சுற்று முடி போகிற திசையிலே. கழுத்தில் அந்தத் திசை ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு இடதும் வலதுமே ஒத்துப்போகாது, கூட்டணிக் கட்சிகள் மாதிரி. எதிர்த் திசையில் எடுப்பது இரண்டாவது சுற்றில், அதுவும் மறுபடி நுரை போட்டு. சலூனில் கேட்பார்களே, "எதிர்ல ஒரு வாட்டி எடுக்கட்டுமாண்ணா?" என்று, அந்தக் கேள்வியில் ஒரு முழுப் பல்கலைக்கழகப் பாடம் இருக்கிறது. நாம் தலையை ஆட்டிவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பிறகு கார்ட்ரிட்ஜ் யுகம் பிறந்தது. 1971இல் இரண்டு பிளேடு: முதல் பிளேடு முடியை இழுக்கும், அது உள்ளே போவதற்குள் இரண்டாவது அறுக்கும். 1998இல் மூன்று. 2003இல் போட்டிக் கம்பெனி நான்கு. 2004இல் 'தி ஆனியன்' என்ற அமெரிக்க நையாண்டிப் பத்திரிகை, ஜில்லெட் இனி ஐந்து பிளேடு போடப்போகிறது என்று கிண்டலாக ஒரு கட்டுரை போட்டது. 2006இல் ஜில்லெட் ஐந்து பிளேடு போட்டது. அப்புறம் கொரியாவின் டோர்கோ ஏழுக்குப் போய்விட்டது. நையாண்டி எழுதுகிறவன் பிழைப்பில் மண் போடுவது என்றால் இதுதான்.

பிளேடு கூடக் கூட என்ன ஆகும்? வழுவழுப்பு கூடும், உண்மை. ஆனால் முடி தோலுக்குக் கீழே அறுபடும். சுருட்டை முடிக்காரருக்கு அது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுருண்டு கொப்புளமாகும். நம்மில் பாதிப் பேர் கழுத்தில் இருப்பது அதுதான். ஏழு பிளேடு போட்டு வழித்த கழுத்தில் ஏழு பரு, கணக்குச் சரியாகப் போய்விடும்.

இந்தியருக்கென்று ஜில்லெட் ரேசர் செய்த கதையை மட்டும் சொல்லாமல் விட மாட்டேன். 2002இல் நமக்கென்று 'வெக்டர்' என்று ஒரு ரேசர். நம் முடி அடர்த்தி, பிளேடில் அடைத்துக்கொள்கிறது என்று அதைத் தள்ளிவிட உள்ளே ஒரு பிளாஸ்டிக் பட்டையெல்லாம் வைத்தார்கள். இந்தியர்களிடம் சோதிக்க வேண்டுமே? எங்கே போனார்கள் தெரியுமா? எம்.ஐ.டி.க்கு! பாஸ்டன் பக்கத்திலேயே இந்திய மாணவர்கள் இருக்கும்போது எதற்கு விமான டிக்கெட்? மாணவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். இந்தியாவுக்கு வந்தால் ரேசர் அடைத்துக்கொண்டது. ஏன்? பாஸ்டன் மாணவன் வாஷ்பேசினில் குழாயைத் திறந்துவிட்டு ரேசரைக் கழுவுகிறான். இங்கே மனிதன் ஒரு டம்ளர் தண்ணீரோடு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான், சின்னக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்துவைத்து. ஒரு டம்ளர் தண்ணீர் அந்த டிசைனில் எங்கேயும் இல்லை.

உலகத்தின் தலைசிறந்த மூளைகள் இருக்கிற அதே கல்லூரி நூறு வருஷத்தில் இரண்டு தடவை ஜில்லெட்டுக்குத் தப்பான பதில் சொல்லியிருக்கிறது. முதல் தடவை முடியாது என்று, இரண்டாம் தடவை முடியும் என்று.

அடுத்த முறை நேரிலேயே வந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்து, மணிக்கணக்கில், அவர்கள் சவரம் செய்வதை வேடிக்கை பார்த்தார்கள். (ஒரு வெள்ளைக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்திருக்க நீங்கள் மூக்குக்குக் கீழே வழிப்பதை நினைத்துப் பாருங்கள். கை நடுங்காதா?) 2010இல் 'கார்ட்' வந்தது. ரேசர் 15 ரூபாய், பிளேடு 5 ரூபாய். அத்தனை ஆராய்ச்சியின் முடிவில், ஐந்து பிளேடு கண்ட கம்பெனி அதில் வைத்த பிளேடுகளின் எண்ணிக்கை: ஒன்று.

திருவண்ணாமலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். மொட்டை போட்ட பையன் என்ன ஆனான்? மறுவருஷம் குருமூர்த்தம் என்ற சமாதிக் கோயிலில் உட்கார்ந்தபோது சீப்பும் கத்தியும் கிட்டே வரவில்லை. முடி சடையாகத் திரண்டு, நகம் நீண்டு வளைந்து, பார்க்க வந்தவர்கள் இந்தச் சாமிக்கு வயசு ரொம்ப ஆகியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். வயது 17. பிற்பாடு அவர் கத்திக்கு ஒத்துழைத்தார் என்பது போட்டோக்களைப் பார்த்தாலே தெரியும். துறவிகள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மழித்துக்கொள்வது மரபு; வயதான காலத்துப் படங்களில் அந்த இடைப்பட்ட நாட்களின் வெள்ளைக் குத்துமுடி. இன்று அதே நீளத்தில் வைத்துக்கொள்ளப் பையன்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து ட்ரிம்மர் வாங்குகிறார்கள்.

1938இல் அவரைப் பார்க்க சாமர்செட் மாம் வந்தார், அப்போது உலகத்திலேயே அதிகம் சம்பாதித்த எழுத்தாளர்களில் ஒருவர். வந்தவர் ரமணரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மயங்கி விழுந்தார். ஆசிரமத்தில் இருந்த மேஜர் சாட்விக்கின் குடிலில் படுக்கவைத்தார்கள். ரமணரே அங்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் பேசவில்லை. பிறகு ஹாலைப் பார்க்க ஆசை, காலில் பெரிய பூட்ஸ். கழற்ற வேண்டாமென்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து மனசுக்குள் குறிப்பெடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மயக்கம் என்ன ஆயிற்று? மாம் அந்தச் சந்நிதியில் சமாதி நிலையில் லயித்துவிட்டார் என்று நாடெங்கும் பரவிவிட்டது. ஐயா, எனக்கு முன்னாலும் இப்படி மயக்கம் வந்திருக்கிறது, பின்னாலும் வந்திருக்கிறது என்று மனிதர் எழுதியும் பார்த்தார். யாரும் கேட்பதாயில்லை. திருவண்ணாமலையில் வெயிலால் விழுந்தால்கூட அது அனுபூதிதான்.

அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்து 1944இல் ஒரு நாவல் எழுதினார். அதில் வரும் சாமியாரை அருணாசலத்திலிருந்து தூக்கித் திருவிதாங்கூரில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நாவல் சக்கைப்போடு போட்டது, இரண்டு தடவை சினிமாவானது. கடோபநிஷத்திலிருந்து எடுத்து அவர் வைத்த தலைப்பு, 'தி ரேசர்ஸ் எட்ஜ்'. கத்திமுனை! சவரக்கத்திக்கு உலக இலக்கியத்தில் கிடைத்த மிகப் பெரிய விளம்பரம் அய்யங்குளத்தில் மழித்துக்கொண்டவரால் வந்தது, பைசா செலவில்லாமல். ஜில்லெட்டுக்கு இது தெரியாது. கம்பெனிச் சண்டையிலும் 1929 சந்தைச் சரிவிலும் பெரும்பாலான சொத்தை இழந்து 1932இலேயே இறந்துபோயிருந்தார்.

இன்று கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டர் நடந்தால், மலைக்கு மேற்கே ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கும் அடி அண்ணாமலையைத் தாண்டித்தான் போக வேண்டும். பிரம்மாவும் விஷ்ணுவும் அடியையும் முடியையும் தேடித் தோற்ற மலை. அடி அண்ணாமலையில் இருப்பது பிரம்மா பிரதிஷ்டை செய்த லிங்கம் என்பார்கள். முடியைப் பார்த்ததாகப் பொய் சொல்லிச் சாபம் வாங்கியவருக்கு இங்கேதான் கோயில் கட்டத் தோன்றியிருக்கிறது. இரண்டு நாற்காலி போட்ட சலூன்கள் வழியெல்லாம் உண்டு. உள்ளே உட்கார்ந்தால் பிளேடைக் காகிதத்தோடு நடுவில் உடைத்து, பாதியைக் கத்திப் பிடியில் சொருகி, மறுபாதியை அடுத்தவருக்கு வைப்பார்கள். 1990களில் எய்ட்ஸ் பிரசாரம் வந்த பிறகு ஊரெல்லாம் பிடித்த பழக்கம், ஆளுக்கு அரை பிளேடு. மெர்க்கூர், ம்யூலே, ஏழு பிளேடு எல்லாவற்றையும் கட்டுரை எழுதி ஒப்பிட்டவனுக்கும் தாடையை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து அந்த அரை பிளேடு போகிற போக்கு கைவராது.

வெளியே வந்தால் எதிரே ஜடாமுடிச் சாமியார்கள். நடுவே வெள்ளைக்கார பக்தர்கள், முக்கால்வாசிப் பேர் இடுப்புக்கு வரும் தாடியோடு. ரேசர் வைத்திருந்தாலும் ஏர்போர்ட்டில் பிளேடைப் பிடுங்கிக்கொண்டு வெறும் பிடியை மட்டும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், அதுவும் ஒரு வகை ஞானம்தான்.

தாடியின் மார்க்கெட் நிலவரத்தை இங்கே ஒரு பௌர்ணமி ராத்திரி நின்று பார்த்திருந்தாலே போதும். ஜில்லெட்டை வாங்கிய பி அண்டு ஜி கம்பெனிக்கு அது புரிய 2019 ஆயிற்று. ஆண்கள் முன்போல வழிப்பதில்லை என்பது உட்பட சில காரணங்களைச் சொல்லி, ஜில்லெட்டின் மதிப்பில் எண்ணூறு கோடி டாலரைக் கணக்கிலிருந்து அடித்தார்கள். மறுவருஷம் ஸ்தாபகரின் முழுப்பெயரைத் தூசி தட்டி எடுத்து 'கிங் சி. ஜில்லெட்' என்று ஒரு புது வரிசையைக் கடைக்கு அனுப்பினார்கள். அதில் பழையபடி ஒற்றை பிளேடு, இரண்டு பக்கக் கூர் ரேசர் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே, அதே பெயர் போட்டு, தாடிக்குத் தடவ எண்ணெய்.